கட்டில் கம்பியில் ஒரு சைக்கிள் மணி

பின்சக்கரத்தைக் கவ்வியிருந்த திருகு அவள் கைக்கு மசியவில்லை. விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. உள் அறை வாசலில் நாலு பேர் அம்மாவைப் போர்வையோடு ஏந்தியபடி நின்றிருந்தார்கள். அம்மாவைக் கிடத்த வேண்டிய இடத்தில், கூடத்தின் நட்டநடுவில், சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

"கழட்டல்லாம் வேணாம்மா, ஸ்டாண்டோட தூக்கிடலாம். கொஞ்சம் தள்ளு," என்றார் மாடி வீட்டு எலக்ட்ரீஷியன். இன்னொருவரைக் கூப்பிட்டு அப்படியே தூக்கிச் சுவரோரம் வைத்தார். கைப்பிடியில் தொங்கிய ஈரத்துண்டு கீழே விழுந்தது. அதை எடுத்த அவளுக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை, தோளில் போட்டுக்கொண்டாள். காலையில் துடைத்த வியர்வை அதில் இன்னும் காயாமல் இருந்தது.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கண்ணாடிக் கடையில் நின்றபடியே லென்ஸ் தேய்க்கிற வேலை, வீட்டுக்கு வந்தால் அம்மா. இதற்கு நடுவில் முன்னூறு கிலோமீட்டரை இருபது மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும் என்று கிளம்பினாள். முடித்தால் பரிசெல்லாம் கிடையாது. ஓர் அட்டையில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அந்த அட்டை அவளுக்கு வேண்டியிருந்தது. ஏன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு வெளியே போய் ஓட்ட வழியில்லை. இரும்பு ஸ்டாண்டு ஒன்றை வாங்கி, பின்சக்கரத்தை ஓர் உருளைமேல் பொருத்தி, கூடத்திலேயே மிதிக்க ஆரம்பித்தாள். மிதித்தால் மிக்ஸி ஓடுகிற மாதிரி வீடே இரையும். ஊர் ஊராய்ப் போக வேண்டிய கிலோமீட்டர் எல்லாம் டிவிக்கு முன்னாலேயே போயிற்று.

அந்த இரைச்சலைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் நின்றவள் எப்படிச் சொல்வாள்? மெஷின் ஓடினால் எல்லாம் சரி, நின்றால் எங்கேயோ கோளாறு. மகள் மிதிக்கிற வரைக்கும் அசந்து தூங்குவாள். சக்கரம் நின்ற அரை நிமிடத்தில் முழித்துக்கொள்வாள். அம்மாவுக்குக் குரல் போனபோது, கூப்பிட ஏதாவது வேண்டுமே என்று சைக்கிள் மணியைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டிக் கொடுத்தாள் மகள். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு தடவை, ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு தடவை. சக்கரம் நின்றால் மட்டும் விடாமல் அடிப்பாள். 'ஏன்டி நிறுத்தின?' என்று அர்த்தம்.

"காலு கழண்டு போச்சும்மா, விடு!" என்று இவள் கூடத்திலிருந்து கத்துவாள். அதற்கும் ஒரு மணி வரும். பேச்சுப் போன பிறகும் கடைசி வார்த்தை அம்மாவுடையதுதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணி நேரம் இறங்காமல் மிதிக்க வேண்டிய நாள். நடுவில் நாலு முறை, பத்துப் பத்து நிமிடம், உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. சைக்கிளிலிருந்து பார்த்தால் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரியும். மூன்று மணி நேரமும் ஒரு தடவைகூட மணிச் சத்தம் இல்லை. பாவம், இன்னிக்காவது நல்லாத் தூங்குறா என்று சந்தோஷப்பட்டாள்.

நேரம் முடிந்ததும் நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போது அடிப்பாள் என்று காத்திருந்தாள். பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். மணி அடிக்கவில்லை.

அண்ணன் மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தான். தூரத்து ஊரில் கிரேன் ஓட்டுகிறவன். மூன்று வண்டி மாறி, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் வந்திருந்தான். வந்தவன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அழவில்லை. கண் மட்டும் இரண்டு நாளாய் எரிந்த அடுப்பு மாதிரி சிவந்து கிடந்தது.

அவளோடு ஓட்டுகிற ஆறு பேர் பயிற்சியை முடித்த கையோடு நேரே வந்துவிட்டார்கள். பெடலில் மாட்டிக்கொள்ள சைக்கிள் செருப்பின் அடியில் வைத்த இரும்பு தரையில் டக் டக்கென்று தட்ட, பூனை மாதிரி நடந்துவர முயன்று முடியாமல் விழித்தார்கள்.

"யாருடி இவங்க, பாதி உடுப்போட வந்து நிக்கிறாங்க?" என்று சித்தி காதைக் கடித்தாள்.

"என்கூட ஓட்றவங்க சித்தி. பேசாம இருங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர்தான் அம்மாவைத் தூக்கவும் தோள் கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கழன்றார்கள். சித்தி அடுக்களையில் டம்ளர்களைக் கழுவியபடி, கையோடு வாயையும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நிமிஷத்துல போயிருக்கு உயிரு. இவ அந்த நேரம் சைக்கிள்ல இருந்தாளாம், பாவம், ஒண்ணும் கேக்கலையாம்."

சித்தி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சித்திக்கு எண்ணமே கிடையாது, வாய் மட்டும்தான். ஆனால் அண்ணன் நிமிர்ந்தான். சுவரோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தான்.

"சாகக் கெடந்தவளப் பக்கத்து ரூம்ல போட்டுட்டு, நீ இதுல ஏறி உக்காந்திருந்தியா?"

"அம்மாவுக்கு இந்தச் சத்தம் இருந்தாதாண்ணே தூக்கம் வரும்."

"கூப்பிட்டிருந்தா?"

"மணி இருக்குண்ணே. அடிச்சா கேக்கும். தெனமும் கேட்டிருக்கேன்."

"இந்த இரைச்சல்ல? கேக்குமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி. அதையேதான் அவளும் நேற்றிலிருந்து தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். சாதாரணமாய் மிதிக்கும்போது கேட்கும், அதில் சந்தேகமே இல்லை. உயிரைக் கொடுத்து மிதித்த அந்தப் பத்து நிமிடங்களில்? தலைக்குள் ரத்தம் இடிக்கிற சத்தத்தில்?

"தெரியலண்ணே," என்றாள். "நீயே பாத்துரு. நான் மிதிக்கிறேன். உள்ள போய் அடி. கேட்டா கையத் தூக்குறேன்."

அவன் எழுந்து உள்ளே போனான். கால் இழுத்து இழுத்துப் போயிற்று.

உடுத்தியிருந்த துணியை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்த அதே கனமான கியர். நேற்றிலிருந்து சோறு இறங்காத உடம்பு. முதல் சுற்றிலேயே தொடை கெஞ்சியது. விடவில்லை. வேகம் ஏற ஏற உருளை ஊளையிட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சித்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது தெரிந்தது, பேச்சுக் கேட்கவில்லை.

பேச்சுக் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. மணி வேறு, பேச்சு வேறு என்று சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நிமிடம் போனது. இன்னும் அடிக்கவில்லை போல. ஐந்து நிமிடம். வேண்டுமென்றே காக்க வைக்கிறானா? கண்ணை மூடி, உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு மிதித்தாள். எட்டு நிமிடம். அவன் அடித்திருப்பான். ஒரு முறை இல்லை, பத்து முறை அடித்திருப்பான். எனக்குத்தான் கேட்கவில்லை. அம்மாவும் அடித்திருப்பாள்.

பத்தாவது நிமிடம் கால் தானாக நின்றுவிட்டது. சக்கரம் இன்னும் கொஞ்சம் சுற்றி ஓய்ந்தது. இறங்கினாள். உள் அறைக்குப் போக எட்டு அடி. அந்த எட்டு அடியை முன்னூறு கிலோமீட்டரின் கடைசி மேடு மாதிரி நடந்தாள்.

அண்ணன் கட்டிலில் கிடந்தான். மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய வாடகைக் கட்டில் அவன் நீளத்துக்குப் போதாமல், முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டைவிரல் மணியின் நாக்கின்மேல் இருந்தது. வாய் லேசாகத் திறந்து, அம்மா தூங்குகிற மாதிரியே தூங்கிக்கொண்டிருந்தான்.

அடித்துவிட்டுத் தூங்கினானா, அடிக்கப் போய்த் தூங்கிவிட்டானா, அவளுக்குத் தெரியவில்லை. எழுப்பிக் கேட்கலாம். கையை அவன் தோள் வரைக்கும் கொண்டுபோனாள்.

வீடு நிசப்தமாய் இருந்தது. அவன் புருவம் சுருங்கியது. தலை ஒருமுறை புரண்டது. அவள் கையை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் பின்னோக்கியே நடந்து கூடத்துக்கு வந்தாள்.

"இன்னிக்குமாடி?" என்றாள் சித்தி.

"தூங்குறான் சித்தி. நிறுத்தினா முழிச்சுக்குவான்."

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையிலிருந்த டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

அவள் ஏறி, கியரை லேசானதாக மாற்றிக்கொண்டு, மெல்ல மிதிக்க ஆரம்பித்தாள். இந்த கியரில், உள்ளே யார் மணி அடித்தாலும் நன்றாகக் கேட்கும்.