கம்பி கீச்சிடும் இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

நான் மாடியில் இருக்கிறேன். கீழ்வீட்டில் என் தம்பியும் அவன் மனைவியும். என் எழுத்து மேஜை அவர்கள் கூடத்துக்கு நேர் மேலே. கீழே மிக்சி ஓடினாலும் எனக்குத் தெரியும், சண்டை நடந்தாலும் தெரியும், சண்டை முடிந்து யார் முதலில் சிரித்தார்கள் என்பதும் தெரியும். ஒரு மத்தியானம், மழை வருகிறேன் வருகிறேன் என்று இருட்டிக்கொண்டு நின்றதே தவிர வரவில்லை. நான் பாதித் தூக்கத்தில் கிடந்தேன். தரை வழியாக ஒரு கிதார் ஸ்வரம் ஏறி வந்தது. ஒன்றே ஒன்று. அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் இல்லை. அப்புறம் இன்னொன்று. கனவுதான் என்று நினைத்தேன். கை அடிபட்டதிலிருந்து தம்பி கிதாரைத் தொட்டதே இல்லை, அது பீரோ மேல் பெட்டிக்குள் படுத்துக் கிடந்தது. மூன்றாவது ஸ்வரம் பிசகியது. என் கனவில் யாரும் பிசகி வாசிப்பதில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? கீழே ஓடிப்போய் அவன் முதுகில் ஒன்று வைத்து, "அப்பாடா, எடுத்தியா!" என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ பேனாவைத் தேடினேன். எழுதுகிறவர்களைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று எங்கள் அம்மா சும்மாவா சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: "அந்த விரல் தன் எஜமானனை மறந்து" அடச்சீ. விரலுக்கு ஏது எஜமானன்.

இரண்டாவது தொடக்கம்: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. இப்போதுதானே சொன்னேன்.

மூன்றாவது: "ஒரு கண்ணாடி டம்ளர் உடைவதற்கும் ஒரு வாழ்க்கை" (நிறுத்து. நேராகச் சொல்.)

நேராகச் சொல்கிறேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். டம்ளருக்குள் இடது கையை விட்டுத் தேய்க்கும்போது அது உள்ளேயே உடைந்தது. மோதிர விரலை மடக்கும் தசைநார் அறுந்துபோனது. தைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்த பிறகு பிசியோ அம்மா ஒருவர் மெழுகு மாதிரி ஓர் உருண்டையைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். மாதக்கணக்கில் பிசைந்தான்.

அவன் வேலை, கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவது. வாரக் கடைசி மாலைகளில் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் அவன் கிதார் வாசிப்பான், அவன் மனைவி பாடுவாள். அவளைப் பாட்டுக்காரி என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். கடை வேலைக்குக் கை ஒரு வழியாகத் திரும்பிவிட்டது. "பட்டன் போட முடியுதா? ஸ்க்ரூ திருப்ப முடியுதா? அப்புறம் என்ன, சரியாயிடுச்சு" என்றார் டாக்டர். கிதார்? "அதுக்கென்ன, மெதுவா வாசிச்சுப் பாருங்க." வீட்டுக்கு வந்து தம்பி என்னிடம் சொன்னான்: "பட்டன் போடறதுக்காகவா அக்கா இந்தக் கை?"

இந்த வாக்கியத்தைத் தலைப்பாக வைக்கலாமா என்று யோசித்தேன். அவன் முகம் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

3

இன்னொரு தொல்லை. தமிழில் எதைத் தொட்டாலும் கை முளைத்துவிடுகிறது. முயற்சி கைகூடும், வாய்ப்பு கைநழுவும், வேண்டியவன் கைகொடுப்பான், வேண்டாதவன் கைகழுவுவான். கீழ்வீட்டில் இந்த வார்த்தைகளுக்கெல்லாம் பாட்டுக்காரி தடை போட்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் "கழுவிட்டு வாங்க" என்பாள், எதை என்று சொல்ல மாட்டாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மாமா நலம் விசாரிக்க வந்தார். வந்தவர் சோபாவில் உட்கார்ந்ததும், "கவலையே படாதடா, இது உனக்குக் கைவந்த கலை, அவ்ளோ சீக்கிரம் கைவிட்டுப் போயிடாது" என்றார். பாட்டுக்காரி முறைத்தாள். மாமாவுக்கு வேர்த்துவிட்டது. "இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா, நம்ம கையில என்ன இருக்கு" என்றார். தம்பி சிரித்தான் பாருங்கள், சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.*

(* மாமா இந்தக் கதைக்குத் தேவையே இல்லை. இரண்டு முறை வெட்டினேன். அந்தச் சிரிப்பு போய்விடுகிறதே என்று மறுபடி உட்காரவைத்தேன்.)

4

இனி மழுப்ப முடியாது, அந்த மாலைக்கு வந்தாக வேண்டும்.

தம்பி வாசிக்காத காலமெல்லாம் பாட்டுக்காரியும் பாடவில்லை. ஹோட்டலில் வேறொரு கிதார்க்காரரை வைத்திருந்தார்கள். நாங்கள் அவருக்கு வைத்த பேர் நீளமுடி. "அவரோட பாடுங்களேன்மா" என்று மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்தார், இவள் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் பொறுமை இழந்து, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு பாடகியைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார். அவள் தம்பியோடு மட்டும்தான் பாடுவாள். அதனால் தம்பி வாசித்தால் அவளுக்குப் பாட்டு உண்டு. வாசிக்காவிட்டால் இருவருக்கும் இல்லை.

அதற்குத்தான் கடைக்கு லீவு போட்டு அந்த மத்தியானங்களில் தனியாகப் பழகிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை, "வா, ஒரு தடவை சேர்ந்து பார்ப்போம்" என்று அவளைக் கூப்பிட்டான். நானும் கீழே இருந்தேன். ஜன்னல் திரை வழியாக வெயில் மஞ்சளாகக் கரைந்து கூடம் முழுக்கத் தேங்கியிருந்தது. அவன் சாப்பாட்டு மேஜை நாற்காலியில். அவள் சோபாவின் கைப்பிடிமேல், ஒரு காலை மடக்கி. அடிபடுவதற்கு முன் எப்போதும் எந்தப் பாட்டில் ஆரம்பிப்பார்களோ அதே பாட்டு.

வாசித்தான். மெதுவாக, தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி. விரல் நுனியில் உணர்ச்சி குறைவு என்பதால் இடது கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகத் தூக்கி, பார்த்து, வைத்தான். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்த அறை கொஞ்சம் தரையைவிட்டு மேலே போன மாதிரி இருந்தது. அவள் நுழைய வேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அவன் பாட்டை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்தான். இப்போது தாமதமாக நுழைந்தாள், தடுமாறினாள், நின்றாள். மூன்றாம் முறை வாயைத் திறக்கவே இல்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. தொண்டை."

தம்பி கிதாரை மடியிலிருந்து இறக்கி வைத்தான். "தொண்டை நல்லாதான் இருக்கு. நீ நீளமுடியோடவே பாடு. நெஜமா சொல்றேன், எனக்கு வருத்தமே இல்ல."

வருத்தமே இல்லை என்று சொல்லும்போது ஒரு மனுஷனுக்கு அவ்வளவு வருத்தம் இருந்து நான் பார்த்ததில்லை.

5

மறுநாள் காலை இப்படி எழுதினேன்: "அவளுக்கு அந்தப் புதிய கை பிடிக்கவில்லை. பழைய வாசிப்பின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தபோது அவளுடைய"

இங்கே பேனா நின்றுவிட்டது. இந்தப் பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. மாதக்கணக்கில் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டவள், அவனுக்காக ஒரு மொழியின் பாதியையே தடை செய்தவள், திடீரென்று எப்படிக் கல் நெஞ்சக்காரி ஆவாள்? கதைக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தியைக் கெட்டவளாக்கலாமா?

பாத்திரத்தைச் சந்தேகித்தால் மற்ற எழுத்தாளர்கள் யோசிப்பார்கள். என் பாத்திரம் அப்போது துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்தது. தாடை வரை துணிக் குவியல். பிடித்துப் படியில் உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அவன் வாசிச்சது அவ்ளோ மோசமா?"

"ஐயோ அக்கா!" துணி எல்லாம் படியில் விழுந்தது. "எவ்ளோ அழகா வாசிச்சாரு! எனக்குத்தான் எங்க நுழையறதுன்னு தெரியல."

"உனக்கா? தாளம் ரத்தத்துலயே இருக்குன்னு ஊரே சொல்லுது."

"ஊர்கிட்ட சொன்னது உங்க தம்பிதானே. எனக்கு எண்ணத் தெரியாதுக்கா. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினா பாட்டு ஓடிடும், பாட்டு வந்தா எண்ணிக்கை ஓடிடும்." கொஞ்சம் குரலை இறக்கினாள். "அவரு விரலை ஒரு கோர்டு பிடிச்ச இடத்துலேர்ந்து அடுத்ததுக்கு இழுக்கறப்போ, தடிக் கம்பி கீச்சுன்னு ஒரு சத்தம் போடும் பாருங்க, அதான் எனக்கு. கீச்சுன்னா நான் வரணும். இத்தனை வருஷமா அப்படித்தான் வந்திட்டிருக்கேன்."

அந்தக் கீச்சு தம்பிக்கு ஆகவே ஆகாது. "எலி கத்தற மாதிரி இருக்கு" என்பான். அது வரக்கூடாது என்று வழவழப்பான கம்பியாகத் தேடித் தேடி மாட்டியவன். இப்போது விரல் நுனியின் காய்ப்பெல்லாம் போய்த் தோல் மெத்தென்று ஆகிவிட்டது. விரலையும் இழுப்பதில்லை, தூக்கித் தூக்கி வைக்கிறான். கீச்சு போயே போய்விட்டது.

"அவரு ஆசைப்பட்ட மாதிரியே சுத்தமா வாசிக்கிறாரு. நான் வாசல் தெரியாம வெளிய நிக்கறேன்" என்றாள்.

"இதை அவன்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நம்ப மாட்டாருக்கா. சமாதானம் சொல்றேன்னு நெனப்பாரு. நம்பிட்டா அதைவிட மோசம், எனக்காக அந்த விரலைப் போட்டு வேணும்னே இழுப்பாரு. அதைக் கேட்டுட்டு என்னால பாட முடியுமா? அவர் கை பிடிக்காமத்தான் நான் நின்னுட்டேன்னு நெனச்சு, நேத்துலேர்ந்து என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறாரு." கண்ணைத் தலையணை உறையால் துடைத்துக்கொண்டாள். "நீங்க அவர்கிட்ட வாய் திறக்கக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமா" என்றேன்.

6

முடிவுகள்.

அ. ஒரு மாலை. இருவரும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் கண் அயர்ந்திருக்கிறார்கள். பெட்டிக்குள்ளிருந்து கிதார் தானாகவே கீச்சிடுகிறது. தூக்கத்திலேயே அவள் பாடத் தொடங்குகிறாள், தூக்கத்திலேயே அவன் விரல்கள் தலையணைமேல் நகர்கின்றன. வெயில் வடிந்து போகும்வரை இருவரும் விழிக்கவே இல்லை. (எழுதும்போது சொக்கிப்போனேன். ஆனால் அப்புறம் விழிப்பார்களே?)

ஆ. விரல் முழுக்கக் குணமாகிறது. ஹோட்டல் கூடம் நிரம்பி வழிகிறது. (விரல் நுனி இனி இவ்வளவுதான் மடங்கும் என்று பிசியோ அம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.)

இ. வெள்ளிக்கிழமை அவள் மேனேஜருக்கு முடியாது என்று சொல்லிவிடுகிறாள். அவன் கிதாரைப் பீரோ மேல் ஏற்றிவிடுகிறான். இருவரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். நான் மேலே உட்கார்ந்து கேட்கிறேன், கீழே மிக்சி மட்டும் ஓடுகிறது.

இந்த மூன்றாவதை எழுத எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அடித்தல் திருத்தல் இல்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான். இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரமும் வந்தது.

7

வாய் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன். திறக்கவில்லை. இப்போதும் மூடித்தான் இருக்கிறது.

நான் எழுதுகிற எதையும் முதலில் படிப்பவன் ஒருவன் உண்டு. கடையில் சாப்பாட்டு வேளையில் படித்து, என் ர, ற குழப்பத்தையெல்லாம் பென்சிலால் திருத்தி, மாலையில் கொண்டுவந்து தருவான். நாளைக்கு இதையும் அவனிடம்தான் கொடுக்கப் போகிறேன். ஆகவே வாசகரே, கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

டேய் தம்பி. அக்கா கதை விடறான்னு நெனக்காதே. ஹோட்டல்ல வாசிச்சதெல்லாம் உன் போன்ல ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கியே, போட்டுக் கேளு. அவ நுழையறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாட்டுலயும் அந்த எலி கத்தும். ஒண்ணு விடாம கேளு.

கேட்டுட்டு, வேணும்னே கம்பியை இழுத்து வைக்காதே, அவ கண்டுபிடிச்சிடுவா. கீச்சுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு செய். அவ வர வேண்டிய இடத்துல தலையைத் தூக்கி அவளைப் பாரு. கையைப் பார்க்காட்டி விரல் தப்பும்னு எனக்குத் தெரியும். தப்பட்டும்டா. தப்பின இடத்துல அவ நுழைவாளான்னு எனக்குத் தெரியாது, நீ பார்த்தாதான் தெரியும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு.

கதையை நான் முடிக்கப் போறதில்ல. ஒரு வாக்கியத்தைப் பாதியில விட்டு வைக்கிறேன், பென்சில் உன்கிட்டதான் இருக்கு.

அந்த இடம் வந்தது. அவன் கையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். விரல் தப்பியது. அவள்