கண்ணாயிரத்தின் மகள்

1

இந்தக் கதையை நான் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். திருவண்ணாமலையில், நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள தட்டச்சுக் கடையில் வாடகை ஒப்பந்தம் அச்சாவதற்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு வயதான பெண்ணின் குரல் கேட்டது.

"ரேகை குடுக்கமாட்டேன்னு சொல்றதுக்கும் ரேகை குடுக்கணுமா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இந்தக் கதையில் அவருக்கு முகம் கிடையாது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருபது வருடங்களுக்கு முன், குடிகாரக் கணவனிடமிருந்து தப்பி அந்தப் பெண் கிரிவலப் பாதைக்கு வந்து"

(தப்பி வந்தார் என்று எனக்கு யார் சொன்னது?)

அடுத்ததாக: "காவி கட்டுவதற்கு முன் அவர் ஒரு பள்ளியில்"

(இதுவும் வேண்டாம். ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்ல மறுக்கிறார் என்றால் உடனே ஒரு காரணத்தைத் தைத்து மாட்டிவிடத் தோன்றுகிறது. எனக்கு மட்டுமா, உங்களுக்குமா?)

ஆகவே அவரை விட்டுவிட்டு வக்கீலிடமிருந்து தொடங்குகிறேன்.

3

தேவிப்ரியாவுக்கு வக்கீல் தொழிலில் இது நான்காவது வருடம். அடி அண்ணாமலையில் வேப்பமரத்தடியில் இருக்கும் துறவிப் பெண் தன்னிடம் வழக்கோடு வருவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஊரில் அவரை வேப்பமரத்தம்மா என்பார்கள். வேறு பெயர் யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். எங்கோ ஒரு பெண்ணைக் கொன்றவன், காவி கட்டிக்கொண்டு இரண்டு வருடம் அந்தக் கிரிவலப் பாதையில் உட்கார்ந்து அன்னதானம் சாப்பிட்டிருக்கிறான். அவன் பிடிபட்டபின் ஓர் உத்தரவு வந்தது. பாதையில் தங்கும் துறவிகள் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், கைரேகை எல்லாம் கொடுத்து அட்டை வாங்க வேண்டும். வரும் பௌர்ணமிக்குள் வாங்காதவர்கள் எழுந்து போய்விட வேண்டும்.

(உத்தரவு போட்ட அதிகாரியைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. கொல்லப்பட்ட பெண்ணுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கே யாராவது, அவன் இரண்டு வருடம் எப்படி யார் கண்ணிலும் படாமல் இருந்தான் என்று கேட்டிருப்பார்கள்.)

"பேர் சொல்றதுல என்னம்மா கஷ்டம்?" என்றாள் தேவிப்ரியா.

"கஷ்டம்னு சொன்னேனா?"

"அப்புறம் ஏன்?"

"பாப்பா, நீ வக்கீலா, அந்த ஆபீசரா?"

உத்தரவை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மனு தயாரானது. அதில் ரேகை வைக்கச் சொன்னபோதுதான் நான் கேட்ட அந்த வாக்கியம் வந்தது. பிறகு அவர் கட்டைவிரலை நீட்டினார்.

"இது நானா குடுக்கறது" என்றார்.

4

தட்டச்சுக் கடை ரஹமத்துடையது. எந்த மனுவையும் புதிதாக அடிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பழைய மனுவைத் திறந்து, பெயர்களை மாற்றி, வேறு பெயரில் சேமிப்பார். பதினெட்டு வருடம் அப்படியே ஓடியது. இந்த முறை மனுதாரரின் தகப்பன் பெயர் இல்லாததால் அந்த இடத்தில் மாற்றுவதற்கு எதுவும் இருக்கவில்லை. முந்தைய மனுவில் இருந்தது அப்படியே தங்கிவிட்டது.

"வேப்பமரத்தம்மா, த/பெ கண்ணாயிரம், கீழ்பென்னாத்தூர்."

கண்ணாயிரம் அங்கே மணிலாக்கொட்டை போடும் விவசாயி. நில எடுப்பு வழக்கில் தேவிப்ரியாவின் கட்சிக்காரர். ஐம்பத்தெட்டு வயது. மனுதாரருக்கு எழுபது.

5

விசாரணை காணொளியில் நடந்தது. ரஹமத்தின் கடைச் சுவரைப் பின்னணியாக வைத்துத் தேவிப்ரியா உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து அரசு வக்கீல் மெதுவாக எழுந்தார்.

"விசாரித்தோம். மனுதாரரைவிடத் தகப்பனார் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் தன் மகள்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்."

திரைக்குள் எங்கோ யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பொய்யான மனு என்றால் தள்ளுபடி. பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள். தேவிப்ரியா ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டாள்.

விசாரணை என்று கேள்விப்பட்டு வந்த கண்ணாயிரம் கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏங்க ஆமான்னு சொன்னீங்க?"

"வக்கீலம்மா என் பேரப் போட்டிருக்காங்கன்னா அதுல ஏதோ இருக்கும்னு நெனச்சேன். மாத்திச் சொல்லி உங்களுக்குக் கேஸ் போயிடக் கூடாது பாருங்க."

"அவங்க வயசையாவது கேட்டீங்களா?"

"போலீசு கேக்கறப்ப நாம எதுவும் கேக்கறது கெடையாது வக்கீலம்மா."

ரஹமத் தலையில் கை வைத்தார். "மேடம், தப்பு என்னுது. ஜாஸ்தி அவசரம்."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வேப்பமரத்தம்மா கண்ணாயிரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல ஆளாத்தான் தெரியறாரு. அப்பான்னு கூப்பிடட்டா?"

"கூப்பிடுங்கம்மா" என்றார் அவர், கூச்சத்தோடு.*

* இங்கே கதையை முடித்திருக்கலாம். மகளைத் தத்தெடுத்தார், அட்டை கிடைத்தது, மலைமேல் மேகம் இறங்கியது. ஆனால் அப்போது அவர் கேட்டது கிடைத்ததாக ஆகாது. ஒரு பெயரை மறுத்தவருக்கு இன்னொரு பெயரை மாட்டியதாகும்.

6

தேவிப்ரியா உண்மையைச் சொல்லிப் பிழைக்கு மன்னிப்புக் கேட்டாள். நீதிபதி நெடுநேரம் எதையோ புரட்டினார். திரை உறைந்துவிட்டதோ என்று ரஹமத் வயரைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு நீதிபதி இரு பக்கமும் பேசினார். பாதையில் யார் இருக்கிறார்கள் என்று அறிய அரசுக்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் தன்னைத் தனக்குள் வைத்துக்கொள்வதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒன்றுக்காக மற்றதை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் கேள்வி. மனுதாரர் தன் விவரத்தை மூடி முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் தரட்டும். காவல்துறை பார்க்காது. உறையைத் திறப்பதா வேண்டாமா என்பதைத் தீர்ப்பில் சொல்கிறேன். அதுவரை அவரை அப்புறப்படுத்தக் கூடாது.

"சம்மதமாம்மா?" என்று தேவிப்ரியா கேட்டாள்.

வேப்பமரத்தம்மா வாசல் பக்கம் பார்த்தார். வெளியே பேருந்து ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இன்னொன்று வந்தது. கண்ணாயிரம் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"தாள் குடு. அந்தப் பக்கம் திரும்பிக்க."

"நான் எழுதித் தரட்டுமாம்மா?"

"எனக்கு எழுத வராதுன்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அன்று மனுவுக்குத் தேவிப்ரியாதான் ரேகை மையை எடுத்து வைத்தாள். நானும் அவள் பின்னாலேயே வந்துவிட்டேன். இவ்வளவு பக்கங்கள் எழுதியும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். நானும்தான். பேனா ஓடும் சத்தம் கேட்டது. ஒரு பெயரும் ஊரும் எழுத அவ்வளவு நேரம் ஆகாது. ஒரு தாள் திருப்பப்பட்டது. இன்னொன்று. ஓரிடத்தில் பேனா நின்றது. அவர் மெல்லச் சிரித்ததுபோல இருந்தது, அல்லது மூக்கை உறிஞ்சியதுபோல. பிறகு மறுபடி ஓடியது.

அரக்கு வைத்தபோது உறை தடிமனாக இருந்தது.

7

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பௌர்ணமியன்று லட்சக்கணக்கான கால்கள் அவரைக் கடந்து போயின. அவர் வேப்பமரத்தடியிலேயே இருந்தார்.

நீதிபதி உறையைத் திறந்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். அது பத்து வரி தாண்டவில்லை. ஒவ்வொரு வரியும் அவர் குரலில் பேசப் பார்த்தது, ஆனால் எல்லாமே என் குரலாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

திறக்காமலே திருப்பி அனுப்பினார் என்று இன்னொன்று. அது நன்றாக இருந்தது. ஆனால் கொல்லப்பட்டவளின் வீட்டில் இருப்பவர்களுக்கு அதைப் படித்துக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே உறையை இந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போகிறேன். அரக்கு இன்னும் லேசாகச் சூடாக இருக்கிறது. உங்களைத் தடுக்க இங்கே காவலர் யாரும் இல்லை. திறக்க உங்களுக்கும் ஒரு காரணம் இருக்கும். இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னது உங்களையும் சேர்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டுமென்றால் அடி அண்ணாமலைக்குப் பேருந்து இருக்கிறது.