குற்றமில்லாத எண்ணெய்

ஆலிவ் எண்ணெயில் இருக்கும் குற்றத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் எர்சீலியாவின் வேலை. லெச்சே மாவட்டச் சுவைக்குழுவில் பதினேழு வருஷமாக இருந்தாள். நிறம் தெரியக்கூடாது என்று நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுவாள். ஊறிப்போன கோணி, குவியலில் வெந்து நாறிய காய், அடித்தொட்டியில் தங்கிய சேறு, எதுவானாலும் பேர் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் முகம் சுளிக்கிற இடத்தில் அவள் நிதானமாகக் குறிப்பெழுதுவாள்.

அவளுக்கும் அண்ணன் பந்தலேயோவுக்கும் கடலோரக் கல்லிப்பொலிக்குச் சற்று உள்ளே பதினோரு ஹெக்டேர் நிலம் பொதுவில் இருந்தது. அதில் நின்ற அத்தனை ஆலிவ் மரமும் ஆறே வருஷத்தில் நுனி கருகிச் செத்தது. தத்துப்பூச்சி கொண்டுவந்த நோய். அக்கம்பக்கத்திலும் அதே கதிதான். போன குளிர்காலத்தில் பந்தலேயோ தன்னுடைய சின்ன பொக்லைனை வைத்து மரங்களைப் பிடுங்கி எடுத்தான். இனி என்ன ரகம் நடுவது என்று இருவருக்கும் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

"லெச்சீனோவும் ஃபவொலோசாவும்தான். நோயைத் தாங்கும்னு அரசாங்கம் அனுமதிச்ச ரகங்கள்ல நம்ம மண்ணுக்குப் பழகினது அது ரெண்டும்தான்" என்பாள் எர்சீலியா.

"ஊரே அதைத்தான் நடுது. எல்லாரும் ஒரே எண்ணெயைத் தூக்கிட்டு சந்தைக்குப் போனா எவன் வாங்குவான்?" என்பான் அவன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவளை வீட்டுக்கு அழைத்தான். அங்கே ரெனாத்தோ என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாரி நகரப் பக்கத்தில் கன்றுப்பண்ணை நடத்துகிறவர் என்று அறிமுகம் ஆயிற்று. நோய் அண்டாத புது ரகம் ஒன்று அவரிடம் இருக்கிறதாம், அனுமதிக் காகிதம் வந்துகொண்டே இருக்கிறதாம். சாப்பாடு முடிந்ததும் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார்.

"நார்தோவுல, நோய் மண்டின நிலத்துல, நாலு வருஷத்துக்கு முன்னாடி நட்ட மரத்தோட எண்ணெய் சிஞோரா. நீங்க ஒரு வாய் பார்த்துச் சொல்லணும்."

எர்சீலியா வாயில் விட்டாள். பச்சை வாதுமையின் கசப்பு, கூனைப்பூவின் இலைவாசம், தொண்டையைப் பிடித்துக் குலுக்குகிற காரம். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இது கொராத்தீனா ரகம், வடக்கே ஆந்திரியா ஊர்ப்பக்கத்து மேட்டுநிலத்துக் கிழட்டு மரங்களில் காய்த்தது. நூறு முறையாவது ருசித்திருப்பாள்.

"எப்படி?" என்றான் பந்தலேயோ.

"குற்றம் ஒண்ணும் இல்ல" என்றாள். அது உண்மைதான். சாப்பாட்டு மேசையில் விருந்தாளியைப் பொய்யன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு அண்ணனிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். குறையே இல்லாத எண்ணெய் அவளுக்கு அருவருத்தது அன்றுதான் முதல் தடவை.

போன போதெல்லாம் அண்ணன் வீட்டில் இல்லை; நாலு நாள் போயிற்று. வியாழக்கிழமை காலை காப்பிக்கடையில் பக்கத்து நிலத்துக்கார ஊச்சோ அவள் தோளைத் தட்டினார். எழுபது வயது. இரண்டு ஹெக்டேர் வைத்திருந்தவர், அதில் ஒரு மரமும் மிஞ்சவில்லை.

"உன் புண்ணியத்துல நானும் கையெழுத்துப் போட்டுட்டேம்மா. எண்ணூறு கன்னு."

"எதுக்கு?"

"என்ன எதுக்கு? நீதான் ருசி பார்த்து நல்லாருக்குன்னு சொல்லிட்டியாமே. உங்க அண்ணன் வீடு வீடா வந்து சொன்னான். எர்சீலியா நாக்கு சொன்னா அப்பீல் ஏது? பதினாலு பேர் போட்டிருக்கோம். மிச்சப் பேர் சனிக்கிழமை மாதா கோயில் கூடத்துல போடுறாங்க."

காப்பியை அப்படியே வைத்துவிட்டு நார்தோவுக்கு வண்டியை விட்டாள். ரெனாத்தோ சொன்ன தோப்பு சாலையோரமே இருந்தது. 'நான்காம் ஆண்டு' என்று பலகை. அதன் பின்னால் முப்பது மரங்கள், செத்து வெளுத்த பழந்தோப்புகளுக்கு நடுவே, கண்ணைப் பறிக்கிற பச்சையில். கல்சுவரைத் தாண்டிப் போய் ஒரு மரத்தின் அடியைப் பிடித்து ஆட்டினாள். அது லேசாகச் சாய்ந்தது. இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டியதும் மண்ணோடு கையில் வந்துவிட்டது. வேர் ஒன்றுகூட வெளியே ஓடியிருக்கவில்லை. தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்து, தொட்டியின் வடிவத்திலேயே புழுக்கூட்டம் மாதிரி பின்னிக் கிடந்தது. நட்டு மூன்று வாரம்கூட ஆகியிருக்காது.

குழியைக் குனிந்து பார்த்தாள். சுண்ணாம்புப் பாறைப் பக்கவாட்டில் பொக்லைன் பல்லின் கீறல்கள். ஒன்று, இரண்டு, ஓர் இடைவெளி, மறுபடி ஒன்று. பந்தலேயோவின் வண்டியில் மூன்றாவது பல் உடைந்து ஒரு வருஷமாகிறது. தங்கள் நிலத்தில் மரம் பிடுங்கிய குழிகளிலெல்லாம் இதே கீறலைத்தான் குளிர்காலம் முழுக்கப் பார்த்திருந்தாள்.

கீறலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு அந்த மரத்தைத் தூக்கி வண்டியின் பின்னால் போட்டாள்.

பந்தலேயோ தன் கொட்டகையில் பொக்லைனுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். மரத்தைப் பார்த்தும் அவன் பதறவில்லை. துணியில் கையைத் துடைத்தான்.

"குழி நீதானே வெட்டின?"

"ஆமா. வெட்டித் தரச் சொன்னாரு, வெட்டிக் கொடுத்தேன்."

"உனக்கு என்ன கிடைக்குது?"

"நம்ம நிலத்துக்குக் கன்னு எல்லாம் சும்மா. உனக்கும் சேர்த்துத்தான், எனக்கு மட்டுமா கேட்டேன்?"

"அந்தக் கன்னு சாகும் அண்ணா."

"சாகுமோ சாகாதோ, யாருக்குத் தெரியும்? எல்லாம் செத்துக் கிடக்கிற ஊர்ல ஏதாவது ஒண்ணு பச்சையா காட்டுனாத்தான் சனம் நிலத்துல இறங்கும். நான் என்ன விஷமா கொடுத்தேன்?"

"என் பேரைச் சொல்லி ஊச்சோகிட்ட கையெழுத்து வாங்கியிருக்க."

"பொய்யா சொன்னேன்? குற்றம் இல்லேன்னு நீதானே சொன்ன." அவன் சிரித்தான். "உன் நாக்கு நம்ம குடும்பத்துச் சொத்துதானே எர்சீலியா. பதினேழு வருஷமா அதை வெச்சு என்ன சம்பாதிச்ச, சொல்லு?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சிரிக்கும்போது தெரிந்த அவன் பல், விரலிடுக்கில் கிரீஸ், சட்டைக்குள்ளிருந்து வந்த வியர்வை நாற்றம், கூடவே வளர்ந்த உடம்பின் ஒவ்வொன்றும் குமட்டியது.

சனிக்கிழமை கோயில் கூடத்தில் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். மேசையில் காகிதங்களும் நாலைந்து குப்பிகளும் இருந்தன. எர்சீலியா மரத்தை இரு கையாலும் தூக்கிவந்து காகிதங்களின் மேலேயே வைத்தாள். மண் சிதறியது.

"இது நார்தோ தோப்பு மரம். நாலு வருஷ வேர் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நீங்களே பாருங்க. குப்பியில இருக்கிறது கொராத்தீனா, ஆந்திரியாவுலேர்ந்து வந்தது. குழி வெட்டினது என் அண்ணன்."

ரெனாத்தோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் வேரைத்தான் பார்த்தார்கள். ஊச்சோ விரலால் அதைக் கிள்ளிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"எண்ணெயா? வாயில விட்ட அன்னைக்கே."

"அப்ப அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

அவள் மேசையில் சிதறிய மண்ணைக் கையால் கூட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். என்னைத் தொட்டுவிட்டுத்தான் துடைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்றே பதினாலு பேரும் தங்கள் காகிதத்தை மேசையிலிருந்து எடுத்துக் கிழித்துப்போட்டார்கள். ரெனாத்தோ பக்கக் கதவு வழியாகப் போனவர், அதன்பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. எர்சீலியாவைப் பாராட்டியும் யாரும் பேசவில்லை. அவளே அடுத்த வாரம் சுவைக்குழுவுக்குக் கடிதம் எழுதி விலகிக்கொண்டாள்.

நிலத்தை நடுவில் கல்போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். அக்டோபரில் அவள் தன் பாதியில் கன்று நட்டாள். இரண்டு வரிசை லெச்சீனோவுக்கு ஒரு வரிசை ஃபவொலோசா. ஆறு மீட்டர் இடைவெளி. வேலிபோல நெருக்கி நட்டால் சீக்கிரம் காய்க்கும்தான், ஆனால் அந்தக் கிணற்றில் அவ்வளவு தண்ணீர் கிடையாது. ஊச்சோவும் அதே கணக்கில்தான் நட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இடைவெளியை எட்டிப் பார்த்துக்கொண்டாரே தவிர, அவளிடம் கேட்கவில்லை.

நட்டு முடிகிற நாளில் பந்தலேயோ எல்லைக்கல்லருகே வந்து நின்றான். முகம் மெலிந்திருந்தது.

"என் பாதி சும்மா கிடக்கு. எதை நடட்டும்?"

நிலம் என்ன பாவம் செய்தது என்று நினைத்தாள். "லெச்சீனோவை மட்டும் நடாத. அதுக்குத் தன் மகரந்தம் ஒத்துக்காது. நடுவுல ஃபவொலோசாவை விடு. கன்னு வாங்கறப்ப தொட்டியைக் கவுத்து வேரைப் பாரு. சுத்திக்கிட்டிருந்தா வாங்காத."

"சரி" என்றான். பையிலிருந்து தண்ணீரில் நனைத்த காய்ந்த பார்லி ரொட்டியை எடுத்து, தக்காளியைப் பிழிந்து தேய்த்து, உப்பு தூவி, பாதியைப் பிய்த்து நீட்டினான். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட."

வாங்கிக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு கடி கடித்து மெல்லவும் செய்தாள். அவன் வண்டி திருப்பத்தில் மறைந்ததும் சுவருக்குப் பின்னால் போய்த் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, மீதி இருந்த பன்னிரண்டு கன்றுகளை நட ஆரம்பித்தாள்.