மாங்கனிக்குள் பல்

"தாடை எலும்பு நல்லா இருக்கும்மா. பல்லு நட்டுடலாம்" என்று டாக்டர் சஜிதா சொன்னதும், கல்யாணசுந்தரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மேல்வரிசையில் முன்பற்கள் போனதிலிருந்து அவளுக்கு அப்படித்தான் சிரிப்பு. பக்கத்து நாற்காலியில் இருந்த இளையபெருமாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவள் உடம்பைப் பற்றி ஒரு டாக்டர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி எவ்வளவு நாளாயிற்று!

"ஆனி மாசத்துக்குள்ள முடிஞ்சிடுமா டாக்டர்? மாங்கனிக்குக் கடிச்சுத் திங்கணும்."

காரைக்காலில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சஜிதாவும் சின்ன வயதிலிருந்து மொட்டை மாடியில் நின்று மாங்கனித் திருவிழா பார்த்தவள்தான். "இப்ப மார்கழி. எலும்பு புடிக்க நாலஞ்சு மாசம். தாராளமா முடிஞ்சிடும்" என்றாள்.

குழந்தையில்லாத காலத்தில், சாமி ஊர்வலத்தின்போது மாடிகளிலிருந்து இறைக்கும் மாம்பழங்களில் ஒன்றை இளையபெருமாள் முண்டியடித்துப் பிடித்து வந்தார். சுந்தரி நடுத்தெருவிலேயே தோலோடு கடித்து, முழங்கை வரை சாறு வழியத் தின்றாள். மறுவருஷம் முத்தமிழ் பிறந்தாள். பிறகு ஓர் ஆனிகூடத் தவறவில்லை. மார்பில் கட்டி வந்து மருந்து ஏற்றிய காலத்தில் பற்கள் ஆட்டம் கண்டு விழுந்தன. அதிலிருந்து அவர் பழத்தை நறுக்கிக் கொடுக்கிறார், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கிறாள். கழற்றி மாட்டும் பல்செட் குமட்டுகிறது என்று அலமாரியில் கிடக்கிறது.

"சக்கரை, பிரஷர்? மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் கெடையாது டாக்டர். முன்னாடி மாருல கட்டி வந்துச்சு, ஆபரேஷன் பண்ணி சொகமாயிடுச்சு."

கேட்டது மாத்திரையைப் பற்றித்தானே என்று இளையபெருமாள் மனசைச் சமாதானம் செய்துகொண்டார்.

அத்தோடு போயிருக்கும். ஆனால் சுந்தரிக்குப் புருஷனைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். "எலும்பு எப்புடி நல்லா இல்லாம இருக்கும்? மாசாமாசம் பாண்டிச்சேரிக்கு அழைச்சிட்டுப் போயி எலும்புக்குச் சத்து ஊசி போட வைக்கிறாங்கல்ல. தானா வேலைக்கு லீவு போட்டுட்டு வருவாங்க."

எழுதிக்கொண்டிருந்த சஜிதாவின் கை நின்றது. "ட்ரிப்ஸ்ல ஏத்துற ஊசியா, ஐயா?"

கால்சியம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முதுகெலும்பில் நோய் திரும்ப வந்திருப்பதை மகளும் அவருமாகச் சேர்ந்து மறைத்து, வயசானால் வருகிற தேய்மானம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் டாக்டர் கேட்ட தொனி அவரைப் பயமுறுத்தியது. பொய் சொன்னால் சுந்தரிக்கு என்ன ஆகுமோ? ஆமென்று தலையை ஆட்டினார்.

"அப்ப பல்லு நடக் கூடாதுங்க. இந்த ஊசி போடுறவங்களுக்குத் தாடையில துளை போட்டா ஆறாது. எலும்பே செத்துப் போயிடும்." அவரைப் பார்த்தேதான் சொன்னாள்.

"எலும்புக்குச் சத்துதானே டாக்டர் அது?"

சஜிதாவின் பார்வை இளையபெருமாளை விட்டு நகரவில்லை. சுந்தரி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"திரும்ப வந்துடுச்சாங்க?"

அவர் தலை கவிழ்ந்தது.

சுந்தரி அவர் முழங்கால் மேல் கை வைத்தாள். "பரவால்ல டாக்டர். குமட்டாத மாதிரி ஒரு செட்டுக்கு அளவு எடுத்துடுங்க. மாம்பழத்த இவங்க நறுக்கிக் குடுத்துடுவாங்க."

வீடு இருக்கும் கோவில்பத்துக்குப் போகும் வழியை விட்டு, மாங்கனி ஊர்வலம் வரும் பாரதியார் தெரு வழியாகப் போகச் சொன்னாள். அவரும் ஏன் என்று கேட்காமல் வண்டியைத் திருப்பினார். கடைகள் திறந்திருந்தன. கோயில் பக்கம் கூட்டமில்லை. எப்போதும் பின்கம்பியைப் பிடித்து உட்காருகிறவள் இன்று அவர் தோளைப் பிடித்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தார். வாயை மூட மறந்து, துணி காயும் வெறும் மாடிகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.