வாங்கியது வாங்கியதல்ல

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெயசீலி டீச்சர் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு என் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருடைய தழும்பு திரும்பி வந்திருந்தது.

"எப்ப வந்துச்சு டீச்சர்?"

"காலையில ஆறு மணிக்கு. பல் வெளக்கிட்டு நிமிந்தேன். இருந்துச்சு."

எட்டு வருடத்துக்கு முன் அந்தத் தழும்பை எடுத்தவன் நான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்தில் எடுத்தேன். படத்தில் எடுத்தால் முகத்திலும் போய்விடும். எங்கள் ஊரில் அப்படித்தான். கோவில்பட்டியில் நாலு ஸ்டூடியோக்காரர்கள் இருந்தோம். நாலு பேரும் அப்படித்தான் பிழைத்தோம்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். படம் திருத்தும் சாப்ட்வேர் வழக்கம்போலத் திறந்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"இதுவரை நீங்கள் வாங்கியது வாங்கியதல்ல. இனி மாதச் சந்தா. இன்று மாலை ஆறு மணிக்குள் கட்டாதவர்களின் திருத்தங்கள் முழுமையாகத் திரும்பப் பெறப்படும்."

கீழே ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அதில் 'சரி' என்று எழுதியிருந்தது. 'சரியில்லை' என்று எங்கும் இல்லை.

அந்த சாப்ட்வேரை மதுரையில் வாங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அட்டைப்பெட்டியில் வந்தது. உள்ளே ஒரு சிடி. பெட்டியும் இருக்கிறது, பில்லும் இருக்கிறது.

"என் வீட்டுக்காரர் இந்தத் தழும்பைப் பாத்ததே இல்ல," என்றார் டீச்சர். "காலையில என்னை யாருன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"வேலைக்காரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பத்தரை மணிக்கு ரத்தினவேல் வந்தான். மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருப்பவன். அவனுடைய அப்பா ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோனார். மாலை போட்டு மாட்டுவதற்கு அவருடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லை. அதனால் பிணத்தை உட்காரவைத்துப் படம் எடுத்து, கண்ணைத் திறந்து கொடுத்தேன். அதன்பிறகு அவர் கூடத்து நாற்காலியில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் படித்தார். பேரப்பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னார். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"காலையில அப்பா கண்ணை மூடிட்டாரு," என்றான் ரத்தினவேல். "பேப்பர் கையில இருக்கு. பாதிப் பக்கம் படிச்சிருக்காரு."

"சந்தா கேக்கிறாங்க தம்பி."

"கட்டுங்க அண்ணாச்சி. பிள்ளைக ஸ்கூல்லருந்து வர்றதுக்குள்ள தொறந்துவிடுங்க."

அவன் பெஞ்சில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இருவரும் என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படம் நினைவுக்கு வந்தது. கடையை அவர்களிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

படத்தில் என் மனைவி செண்பகவல்லி மாலையோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முழங்கை வந்திருந்தது. பட்டுச் சட்டை போட்ட முழங்கை. என்னுடையது அல்ல.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் கல்யாணத்துக்கு நான் படம் எடுக்கப் போனவன். மாப்பிள்ளையின் பெயர் சீனிராஜ். தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்தார். நல்ல மனிதர். என்னைச் சாப்பிட வரச்சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார்.

மூன்றாம் நாள் ஆல்பத்துக்காகப் படங்களைத் திருத்த உட்கார்ந்தேன். சாப்ட்வேர் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு படத்தில் செண்பகவல்லி கேமராவைப் பார்த்துச் சிரித்திருந்தாள். கேமராவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். அதனால் என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று எடுத்துக்கொண்டேன். சீனிராஜை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைத்தேன். நாற்பது நிமிடம் ஆனது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து நாங்கள் குடும்பம் நடத்துகிறோம்.

பிள்ளை இல்லை. திருத்தத்தில் அது சேராது என்று டாக்டர் சொன்னார். நான் விவரம் கேட்கவில்லை.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நேர்ல வாங்க சார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மூணாவது மாடி."

"அந்தக் கட்டடத்துக்கு ரெண்டு மாடிதானம்மா."

"ஆமா சார். அதுக்கு மேல."

பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது மாடியில் ஒரு நடைவழி இருந்தது. நீளமான நடை. முதலில் கடைசிக் கதவு தெரிந்தது. நடக்க நடக்க அது தள்ளிப்போனது. சுவரில் ஒரு போர்டு: 'மாதச் சந்தாதாரர்களுக்கு முப்பது அடி. மற்றவர்கள் நடக்கவும்.'

நடந்தேன். பக்கத்து ஊர்களின் ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்திருந்தார்கள். சாத்தூர்க்காரர் ஒருவர் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"காசு குடுத்து வாங்கினதுய்யா! என் பேர்ல பில் இருக்கு!"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் காலையிலயே நிறுத்திருங்கன்னு எழுதிக்குடுத்துட்டேன். நிறுத்தறதுக்குத் தனிச் சந்தாவாம்."

"கட்டினீங்களா?"

"கட்டினேன். இப்ப அதை நிறுத்த வந்திருக்கேன்."

மூன்று மணிக்குக் கதவு எனக்குக் கிடைத்தது. உள்ளே வரிசையாகக் கவுன்டர்கள். என்னை ஆறாவது கவுன்டருக்கு அனுப்பினார்கள். அங்கே சீனிராஜ் உட்கார்ந்திருந்தார்.

அதே பட்டுச் சட்டை. சாயம் போயிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை. அவருக்கு ஒரு முழங்கை இல்லை. மேல்கை இருந்தது, கீழ்க்கை இருந்தது. நடுவில் பின்சுவர் தெரிந்தது.

"உக்காருங்க போட்டோக்காரரே," என்றார். "அன்னைக்குச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் அண்ணாச்சி."

"நான் மறுவீட்டு விருந்துல உக்காந்திருந்தேன். இலையில நெய் விட்டாங்க. அதுக்குள்ள எடுத்துட்டீங்க."

"மன்னிச்சிருங்க," என்றேன்.

"அதுக்கு வேற கவுன்டர்." அவர் ஒரு பாரத்தை எடுத்தார். "அழிச்ச ஆளுகளுக்கெல்லாம் கம்பெனி வேலை குடுத்திருக்கு. சம்பளம் பரவாயில்ல. இப்ப இந்தச் சந்தா வந்ததுலருந்து நாங்களும் கொஞ்சம் கொஞ்சமா ஊருக்குத் திரும்பிக்கிட்டிருக்கோம். முழங்கை காலையிலயே போயிருச்சு. வந்து சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"சந்தோசம்."

நான் பில்லை எடுத்து மேஜையில் வைத்தேன். பெட்டியையும் வைத்தேன்.

"நான் முழுசாக் காசு குடுத்து வாங்கினவன் அண்ணாச்சி. வாடகைக்கு எடுக்கல."

சீனிராஜ் பில்லைப் படித்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். திறந்து முகர்ந்தும் பார்த்தார்.

"பில் சரியா இருக்கு. அன்னைக்கு நீங்க வாங்கினது பெட்டி. பெட்டியை யாரும் கேக்கலையே."

பாரத்தில் மூன்று கேள்விகள்தான் இருந்தன. பெயர். நீங்கள் அசலா? அசல் என்றால் யாருக்கு?

முதல் கேள்விக்கு தனுஷ்கோடி என்று எழுதினேன். மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். சீனிராஜ் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உங்க பேர்ல போட முடியாது. படத்துல யாரைத் திருத்தலையோ அவங்க பேர்லதான் சந்தா. அவங்க கையெழுத்து வேணும்."

"அந்தப் படத்துல திருத்தாத ஆள் ஒருத்திதான்."

"ஆமா," என்றார் சீனிராஜ். "போய்க் கேளுங்க. ஆறு மணி வரைக்கும் இருக்கேன். ஆறு மணிக்கு மேல நான் இங்க இருக்க மாட்டேன்."

அவருடைய இடது காது அப்போது போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது நடை முப்பது அடிதான் இருந்தது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலரை. செண்பகவல்லி கல்யாணப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். படத்தில் முழங்கைக்கு மேல் தோள் வந்திருந்தது. ஒரு காது வந்திருந்தது. என் தோள் மங்கிப்போயிருந்தது. என் தோளைத் தொட்டுப் பார்த்தேன். சட்டை மட்டும் இருந்தது.

"ஒரு கையெழுத்து வேணும்," என்றேன்.

"எதுக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. இவ்வளவு சின்ன விஷயத்தை இத்தனை வருடம் எப்படி வைத்திருந்தேன் என்று ஆச்சரியமாக இருந்தது. அவள் காலில் விழலாம் என்று குனிந்தேன். முட்டிகள் மடங்கவில்லை. அவையும் போய்க்கொண்டிருந்தன.

"தெரியும்," என்றாள் அவள்.

"எப்படி?"

"மேடையில நின்னவ நானு. பக்கத்துல நின்னது யாருன்னு எனக்குத் தெரியாதா? நீங்க கேமராவோட எதிர்ல நின்னீக."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன். முதல் வருசம் தினமும் எதிர்பாத்தேன். பெறகு வெள்ளிக்கிழமை மட்டும். பெறகு விட்டுட்டேன்."

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னைக்கு என்னைப் பாத்துத்தானே சிரிச்சே?"

"ஆமா. மூணு படம் லென்ஸ் மூடியைக் கழட்டாம எடுத்தீக. அதுக்குத்தான் சிரிச்சேன்."

அவள் பாரத்தை வாங்கிக்கொண்டாள். கூடவே நிபந்தனைகள் இருந்தன. அறுபத்திரண்டு பக்கம். ஊரில் அதை யாரும் படித்ததில்லை. நானும் படித்ததில்லை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். நாற்பதாவது பக்கத்தில் என் வலது கை போனது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. சீனிராஜ் வந்திருந்தார். முக்கால்வாசி வந்திருந்தார்.

"ஆபீஸ்ல நேரத்தோட அனுப்பிட்டாங்க," என்றார்.

"செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள வாங்க," என்றாள் செண்பகவல்லி.

அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். அவளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. பேச வாய் எடுத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள் அவள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பாகிட்ட மட்டும்தான் பேசினீக. பிடிச்சிருக்கான்னு எங்கிட்டக் கேக்கல."

பாரத்தின் கீழே கையெழுத்துப் போட்டுச் சீனிராஜிடம் கொடுத்தாள். அவளுடைய கையெழுத்தை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அழகாக இருந்தது. பிறகு நான் ராத்திரி வேலைக்கு வைத்திருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சாப்ட்வேர் திறந்தது. 'வணக்கம் செண்பகவல்லி' என்று வந்தது. பத்தொன்பது வருடத்தில் அது எனக்கு ஒருமுறைகூட வணக்கம் சொன்னதில்லை.

"ரத்தினவேலோட அப்பா கண்ணு எந்தப் படத்துல இருக்கு?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் இங்க போன் பண்ணினான். பிள்ளைக வந்து தாத்தாவை எழுப்பிக்கிட்டிருக்காம்."

காட்டினேன். கண்ணைத் திறந்துவிட்டாள். டீச்சரின் கோப்பை எடுத்தாள். போன் செய்து வேண்டுமா என்று கேட்டாள். டீச்சர் வேண்டாம் என்றாராம். அப்படியே விட்டுவிட்டாள்.

பிறகு கல்யாணப் படத்தைத் திறந்தாள்.

எங்கள் இருவரையும் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னாள். நின்றோம். முதலில் மேடையை எடுத்தாள். வாழைமரத்தை எடுத்தாள். பின்னால் நின்ற சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்தாள். வேலை சுத்தமாக இருந்தது. ஓரங்களில் பிசிறு இல்லை. நான் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

"செண்பகா," என்றேன்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க. ரெண்டு பேரும்."

சீனிராஜ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பிடி ஆறுதலாக இருந்தது.

எனக்கு இப்போது ஏழாவது கவுன்டர். ஆறாவது கவுன்டரில் சீனிராஜ் இருக்கிறார். மத்தியானம் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறோம். ஜன்னல் இல்லை. சம்பளம் பரவாயில்லை. அவர் முன்போல என்னைப் போட்டோக்காரரே என்று கூப்பிடுவதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். மாதம் முடிய முடிய இருவரும் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வோம். சந்தா ஒரு நாள் தாமதமானாலும் போதும். ஒரு சுண்டுவிரலாவது முதலில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்.

சந்தா இருபத்தெட்டாம் தேதியே வந்துவிடுகிறது. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு மனு வந்தது. மாதச் சந்தாவை ஆயுள் சந்தாவாக மாற்றித் தரவேண்டும் என்று கேட்டிருந்தாள். கம்பெனியில் அப்படி ஒரு திட்டமே இல்லை. அறுபத்திரண்டு பக்கத்தில் எங்கோ ஒரு வரி இருந்திருக்கிறது. அவள் அதைக் குறிப்பிட்டிருந்தாள். மேலதிகாரி எடுத்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று எங்களிடம் அனுப்பினார்.

சீனிராஜ் முத்திரை குத்தினார். நான் கையெழுத்துப் போட்டேன்.