இரண்டு பேருக்கான குழி

"இன்னும் அகலமா வெட்டு," என்றாள் செலஸ்டா.

இடுப்பளவு ஆழத்தில் நின்றிருந்த டாமியன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். பெட்டி எவ்வளவு அகலம் என்று அவனுக்குத் தெரியும். காலையில் பலகை அறுத்தவர்களில் அவனும் ஒருவன். ஆனாலும் ஒன்றும் கேட்காமல் இடப்பக்கக் கரையை இடிக்க ஆரம்பித்தான். அவன் கேட்காததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அம்மா ரூஃபினா நேற்று காலை, பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் போய்விட்டாள். துக்கத்துக்குப் போட்ட பந்தலில் பெண்கள் விடாமல் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகும் வாசனை கல்லறைத் தோட்டம்வரை வந்தது.

அப்பாவைக் கொன்றவன் அம்மாவுக்குக் குழி வெட்டுகிறான். இதைக் கேட்டுப் பூகன்வில் தீவில் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். செம்புச் சுரங்கத்தில் ஆரம்பித்த சண்டை பத்து வருஷம் ஓடியதில், எல்லா ஊரிலும் இப்படி வீடுகள் இருந்தன. தொண்ணூற்று மூன்றில் இருபது வயது டாமியனும் அவன் கூட்டாளிகளும் வாழைத் தோட்டத்துக்குள் வந்து, ராணுவத்துக்குத் துப்புச் சொன்னவர் என்று அப்பா அலோயிஸைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆளும் திரும்பவில்லை, பிணமும் வரவில்லை. அப்போது செலஸ்டாவுக்குப் பதினாலு வயது.

சண்டை ஓய்ந்ததும் பங்குக் கோயிலில் நீதி சமாதானக் குழு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். யார் முதலில் சமாதானம் ஆவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது ரூஃபினா எழுந்தாள். "நானே செய்யாம, மத்தவங்களச் செய்யுங்கன்னு எந்த வாயால சொல்றது?" என்றாள். பன்றி அடித்தார்கள், வில்லை முறித்தார்கள், பாக்கு மாற்றி மென்றார்கள். கடைசியில் இரண்டு வீட்டாரும் ஒரே கல்லின்மேல் கைவைத்து அதை மண்ணுக்குள் இறக்கினார்கள். செலஸ்டாவின் கையும் அதில் இருந்தது. கல் இறங்கிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு பக்கத்தாரும் அதை மறுபடி எடுக்கக் கூடாது.

எலும்பு எங்கே என்று அம்மா கேட்கவில்லை. சமாதானம் ஆனபின் அவனே சொல்லுவான் என்று நம்பிவிட்டாள். அந்தத் தப்புக்குப் பிறகுதான் குழுவுக்குப் புத்தி வந்தது. முதலில் எலும்பு, அப்புறம்தான் கல் என்று விதி எழுதினார்கள். எழுதியவளும் ரூஃபினாதான். பதினாலு வீட்டுக்கு எலும்பு எடுத்துக் கொடுத்தாள். சுரங்கம் தின்ற நிலத்துக்கு ஈடு கேட்டு மனு மேல் மனு போட்டாள். தன் வீட்டு வழக்கை மட்டும் கிணற்றில் போட்ட கல்லாக விட்டுவிட்டாள்.

டாமியனோ நல்லவனாகிவிட்டான். செலஸ்டாவால் தாங்க முடியாதது அதுதான். பதினாறு வருஷமாகக் கூரை வேய்ந்தான், விறகு போட்டான், காய்ச்சலில் கிடந்த ரூஃபினாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். போதாததற்கு அம்மா, அம்மா என்று கூப்பிட்டான். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

உபதேசியார் ஜெர்வாஸ் வெள்ளைச் சட்டையும் சிலுவையுமாக வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, குழியா குளமா? மழை வேற வருது. மூணு மணிக்கு எடுத்தாகணும்."

"ரெண்டு பேருக்கு, உபதேசியாரே."

"ரெண்டு பேரா? இன்னொருத்தர் யாரு?"

"எங்கப்பா."

உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "செலஸ்டா, அது கல்லு வெச்ச பேச்சு."

"நான் எங்க பேசினேன்? குழி அகலத்தச் சொன்னேன்."

"உங்கம்மா இருந்தா இதுக்கு ஒத்துக்குவாங்களா?"

"அவங்க எல்லாத்துக்கும் ஒத்துக்குவாங்க. அதான் இந்த லட்சணத்துல நிக்கறோம்."

மண்வெட்டிச் சத்தம் நின்றது. டாமியன் கரையில் கைகளை ஊன்றிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் உபதேசியாரைப் பார்த்துப் பேசினான்.

"கல்லு கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். நான் சொல்ல வந்தேன், உபதேசியாரே. கல்லு வெச்ச மறு வருஷம், தவக்காலத்துல. வேலிகிட்ட நின்னு, 'அம்மா, அன்னைக்கு அவர'ன்னு வாயெடுத்தேன். அவங்க ஒரு பாக்க எடுத்து என் வாயில வெச்சு, 'போதும்டா, அது முடிஞ்சுபோச்சு'ன்னாங்க. தெரிஞ்சுக்க வேணாம்னு நெனைக்கிறாங்கன்னு இருந்துட்டேன். அதுக்கு மேல நான் எப்படிப் பேசறது?"

அந்தச் சாயங்காலம் செலஸ்டாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் அடுப்படியில் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே வந்து, "பாவம், மறுபடியும் மன்னிப்புக் கேக்க வந்தான். எத்தன தடவதான் கேப்பான்? தடுத்துட்டேன்," என்றாள். செலஸ்டாவும் தலையாட்டினாள். அதன்பின் பதினைந்து வருஷம், அவன் விறகுக் கட்டை இறக்கும் ஒவ்வொரு முறையும், "இன்னைக்குச் சொல்லுவான் பாரு," என்று அம்மா வாசலுக்குப் போய் நின்றாள். விறகை அடுக்கிவிட்டு அவன் போய்விடுவான்.

செலஸ்டாவுக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. குழிக்குள் நிற்பவனையா, பெட்டிக்குள் கிடப்பவளையா என்றுதான் தெரியவில்லை. ஊரெல்லாம் போய், "வாய விட்டுக் கேளுங்க, கேட்டாத்தான் தீரும்," என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷி. இவ்வளவு நல்லவர்கள் இரண்டு பேர் சேர்ந்து அப்பாவை இப்படிப் போட்டு வைத்திருந்தார்களே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"எங்க?" என்றாள்.

கல் வைத்த நாளிலிருந்து இரண்டு வீட்டில் எவரும் கேட்காத கேள்வி அது. உபதேசியார் வானத்தைப் பார்த்தார். "மழைச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் காதுல விழல," என்றார். மழை இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

"ஆத்துக்கு அக்கரையில," என்றான் டாமியன். "ரெட்டைப் பாறைக்குக் கீழ. நாந்தான் பொதைச்சேன். போயிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆவும்."

"ஆறு ஏறிட்டா?"

"இப்பக் கெளம்பினா ஏறாது."

அவன் மேலே ஏறி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கடப்பாரை குழியோரத்திலேயே கிடந்தது.

செலஸ்டா பந்தலுக்குப் போனாள். பெட்டியின் காலடியில் அம்மா படுத்த தாழம்பாய் சுருட்டி வைத்திருந்தது. அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள்.

"இந்த நேரத்துல எங்கடி போற, பாயத் தூக்கிக்கிட்டு?" என்று கேட்டாள் பெரியம்மா.

"வந்துடறேன், பெரியம்மா. வர வரைக்கும் பெட்டிய மூடிடாதீங்க."

ஆற்றுக்கு இறங்கும் சரிவில் அவன் நாற்பதடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவளுக்காக நிற்கவில்லை, ஆனால் மெதுவாகத்தான் நடந்தான். வளைவு திரும்புமுன் அவள் ஒருதரம் கல்லறைத் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். உபதேசியார் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஒரு சிலுவைமேல் மாட்டியிருந்தார். கடப்பாரையோடு குழிக்குள் இறங்கி, இடப்பக்கக் கரையை இடித்துக்கொண்டிருந்தார்.