ஐப்பசிப் பௌர்ணமியில் பாஸ்மதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதையே இல்லை. ஐப்பசிப் பௌர்ணமியன்று சிவனுக்கு ஏன் சோற்றால் அபிஷேகம் செய்கிறார்கள் என்று ஒரு பக்கக் கட்டுரை. 'அன்று நிலா பதினாறு கலையும் நிறைந்து, தன் குளிர்ச்சியெல்லாம்' என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அந்த நேரம் பார்த்து எழிலரசி என்று ஒருத்தி கட்டுரைக்குள் வந்துவிட்டாள்.

2

மேனாம்பேட்டில் அடுக்குமாடி வீடு, ஐ.டி. வேலை, சொந்த ஊர் திருச்சி. (இல்லை, தேனி. தேனியாகவே இருக்கட்டும்.) வந்து நாலு வருஷமாகியும் ஊர்க்காரர்களுக்கு அவள் 'பிளாட்டு அம்மா'தான். இந்த ஐப்பசிக்குத் துணிந்து கோயிலில் போய், "சோறு நான் வடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஊரிலேயே பிறந்த பஞ்சவர்ணம் மட்டும், "அவுங்களும் இங்கதான கீறாங்க? வடிக்கட்டும்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

ஆக, சோறு கெட்டால் இரண்டு பேர் மானமும் போகும்.

3

சாமிக்காயிற்றே என்று இருப்பதிலேயே உசத்தியான அரிசியாக வாங்கினாள். பத்துக் கிலோ பாஸ்மதி. [கேலி வேண்டாம். ஆசையாகத்தான் வாங்கினாள்.] கோயில் பின்புறத்தில் உதிரி உதிரியாக வடித்து ஆறவைத்தாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பூசாரி கை நிறைய அள்ளி லிங்கத்தின் மேல் அப்பினார். பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி அப்பினார். மறுபடியும் உதிர்ந்தது.

"பாஸ்மதியாம்மா?" என்றார் பூசாரி. "நிலா வர்றதுக்குள்ள அலங்காரம் முடியணுமே!"

கோயில் காரியம் பார்க்கும் ஜம்புலிங்கம், "அப்பவே சொன்னேன். பிளாட்டுக்காரங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார். எழிலரசிக்கு அவமானத்தில் அழுகை முட்டியது.

4

முடிவு ஒன்று: மேகம் விலகி, நிலா எட்டிப் பார்க்க, சோறு தானாகவே... சீ! நாலு மணிக்கு ஏது நிலா?

முடிவு இரண்டு: அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவள் அப்புறம் அந்தக் கோயில் பக்கமே

மனசு கேட்கவில்லை. பாதியிலேயே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

5

பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சோறுதான நைனா உதுந்துச்சு? கோபுரமா உழுந்துச்சு?" என்று ஜம்புலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க ஊட்ல பச்சரிசி கீது. கொழைய வடிச்சு இத்தோட பெசைஞ்சா கம்முனு நிக்கும். எழிலு, இன்னா நின்னுகினு கீறே? அடுப்பைப் பத்த வை."

எழிலு! ஒரு தீக்குச்சி போதாதென்று அவள் இரண்டைச் சேர்த்துக் கிழித்தாள். சந்தோஷம்தான்.

பச்சரிசி குழைந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, சூடு பொறுக்காமல் 'உஸ் உஸ்' என்று பிசைந்தார்கள். ஆறினால்தானே சாமி மேல் வைக்க முடியும்? ஜம்புலிங்கம் எங்கோ போனார். தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, அண்டாவுக்கு நேரே திருப்பிவைத்தார்.

6

பூசாரி மறுபடி கை நிறைய அள்ளுகிறார். நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். நின்றதா, உதிர்ந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், நீங்களே அப்பிப் பாருங்கள். உதிர்ந்தாலும் பயமில்லை. இன்னோர் உலை வைக்க ஊர்க்காரர்கள் நாலு பேர் தயாராக நிற்கிறார்கள். அந்த நாலு பேரில் எழிலரசியும் ஒருத்தி.